சாம்பல் துடைத்த கீரை

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். காற்று அனல்மின் நிலையச் சிம்னிப் பக்கமிருந்து. மாடிக்குப் போனால் கீரைமேல் மறுபடி சாம்பல். ஈரத்துணி எடுத்து இலை இலையாகத் துடைத்தேன். அரைக்கீரை, சிறுகீரை, பசலை. தக்காளி பாக்கி. எண்ணூரில் மாடித்தோட்டம் போட்டவளுக்கு வேறு வேலை எதற்கு?

கோயிலில் ஆடிக் கூழ். சொம்போடு போனேன். ஊற்றுகிறவர் பிளாஸ்டிக் கப்பில் ஊற்றி, அந்தக் கப்பைத் தூக்கிச் சொம்புக்குள் வைத்தார். "சொம்புலயே ஊத்துங்கண்ணே" என்றால், "அதான் சொம்புல கீதேம்மா" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டு வந்தேன். கூழ் மட்டும் நல்ல ருசி.

புதன்கிழமை டிவிக்காரர்கள் வருகிறார்கள். நேயர் கடிதம் போட்டேன், கூப்பிட்டே விட்டார்கள். வீட்டில் அந்த ஒரு சேனல்தான் எனக்கு. கத்தல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆவணப்படம், ஆமை, தேனீ, அலையாத்திக் காடு. நான் உட்கார்ந்தால் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். "மக்கள் பணத்துல ஓடுற சேனல், அதுல பொய் சொல்ல மாட்டாங்க" என்று இந்தத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மறக்காமல் வாங்க: வேப்பம் பிண்ணாக்கு, ஊசி, பல்பொடி.

ஆகஸ்ட் 6, புதன்

வந்தார்கள். டைரக்டர், கேமராக்காரர். டீ கொடுத்தேன். துடைக்கிற துணியைக் காட்டினேன், கரித்துணி மாதிரி. "தெனம் துடைக்கிறேன் சார். ஆனா உள்ளார இன்னா போவுதுன்னு எனக்குத் தெரியல. நானும் வூட்டுக்காரரும் துன்றோம், வேற யாருக்கும் குடுக்கறதில்ல. யாராவது டெஸ்ட் பண்ணிச் சொல்லணும். அதுக்குத்தான் லெட்டரே போட்டேன்."

"கண்டிப்பா மேடம்" என்றார். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார்.

பிறகு, "கொஞ்சம் இப்படித் திரும்பி நில்லுங்க மேடம். சிம்னி வருது."

"வரட்டுமே சார்."

"கண்ணு அங்க போயிடும் மேடம்."

திரும்பி நின்றேன். ஏன் நின்றேன்? வீட்டுக்கு வந்தவரிடம் எதிர்த்துப் பேசக் கூச்சம், அவ்வளவுதான்.

கீழ் வீட்டு யாஸ்மின் படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். ஐந்தாம் மாதம். சாப்பிட்டது எதுவும் தங்கவில்லையாம், முகம் வெளுத்துக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் இல்லை, துடைக்கவில்லை. ஒரே நாளில் பசலை இலையில் விரலால் பெயர் எழுதலாம். எழுதினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒளிபரப்பு. இவரே டீக்கடைக்குப் போகாமல் உட்கார்ந்தார்.

புல்லாங்குழல். நான் சிரிக்கிறேன். எப்போது சிரித்தேன்? ஒரு பெண் குரல்: "நஞ்சில்லாத கீரையை நம் வீட்டு மாடியிலேயே..." சாம்பல் துணி இல்லை. நான் கேட்ட கேள்வி இல்லை. சிம்னி இல்லை. வானம் அப்படி ஒரு நீலம்.

"இன்னா விஜி, ஷோக்கா கீற! எதுக்கு மூஞ்ச இப்டி வெச்சினு கீற?"

சொன்னேன்.

"அட வுடு. நல்லாத்தானே சொன்னான்."

நல்லபடியாகச் சொன்னதுதானே இப்போது பிரச்சினை. டைரக்டருக்குப் போன் போட்டேன். "டைம் பத்தல மேடம். இது ஒரு பாசிட்டிவ் ஸ்டோரி." வயிறு எரிகிறது. யாரோ மளிகை விற்கிறவன் ஏமாற்றியிருந்தால் இவ்வளவு எரியாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

யாஸ்மின் கூடையோடு மேலே வந்தாள்.

"அக்கா, டிவில பாத்தோம்! ஒரு கட்டு குடுங்கக்கா. ரத்தம் கம்மியா கீது, கீரை துன்னுன்னு டாக்டரம்மா சொல்லிகினே கீறாங்க."

"வேணாம்மா. சாம்பல் படியுது. நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியல."

"நஞ்சே இல்லன்னு சொன்னாங்களே?"

"அவங்க சொன்னாங்க. நான் சொல்லல."

"நீங்க துன்றீங்க இல்ல?"

மார்க்கெட்டில் வாங்கித் தருகிறேன் என்று என்னவோ உளறினேன்.

"குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லுங்கக்கா. கத வுடாதீங்க." இறங்கிப் போய்விட்டாள்.

நோன்புக் கஞ்சி காய்ச்சினால் முதல் தூக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்புகிறவள். அவள் வாயால் இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து அழுதேன். பாத்திரங்களை ணங் ணங்கென்று வைத்தேன்.

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் லோடு ஏற்றிவிட்டுச் சாயங்காலம் இவர் வந்தார். தட்டில் அரைக்கீரை மசியல். நடந்ததைக் கேட்டபடி பிசைந்தார்.

"அப்ப நாம துன்னுகினு கீறது?"

கை அப்படியே நின்றது. அப்புறம் சாப்பிட்டார். பசி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பிடுங்கிவிட்டேன். எல்லாவற்றையும், வேரோடு. கீரை இருந்தால்தானே கேட்பாள். எவ்வளவு செழிப்பாக இருந்தது, பாவம். பிடுங்கும்போது திட்டிக்கொண்டே பிடுங்கினேன். யாரை என்று தெரியவில்லை.

உரத்தொட்டி நிரம்பி வழிகிறது. குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை. பச்சைக் கழிவு குப்பைக்குப் போகக்கூடாது என்பது இந்த வீட்டில் என் சட்டம். சாக்கில் அமுக்கி, படி திரும்புகிற இடத்தில் நிழலில் வைத்தேன். தொட்டியில் இடம் வந்ததும் போடலாம்.

இடுப்பு வலி. இன்று டிவி போடவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மேகமூட்டம். காலையில் துணி எடுத்துக்கொண்டு மாடி ஏறி, வெறும் மண்ணைப் பார்த்த பிறகுதான் துடைக்க ஒன்றுமில்லை என்று உறைத்தது.

இறங்கும்போது பார்த்தால் சாக்கு தொளதொளவென்று கிடக்கிறது. உள்ளே வேரும் பழுத்த இலையும்தான். யாஸ்மின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பூண்டு தாளித்த வாசனை. ஓடினேன்.

"வாங்கக்கா! கோச்சிக்காதீங்க. அன்னிக்கு நான்தான் கண்ட மேனிக்குப் பேசிட்டேன். கேக்க வெக்கப்படுவேன்னுட்டு நீங்க பாட்டுக்கு என் கண்ணுல படுறாப்ல படியாண்ட வெச்சிட்டுப் போயிட்டீங்க! எவ்ளோ பெரிய மனசுக்கா உங்களுக்கு!"

"யாஸ்மின், துன்னுட்டியா?"

"நேத்தும் துன்னேன், இன்னிக்கும் துன்னேன். வாந்தியே வரல. இத பாருங்க, இன்னிக்குத்தான் மொத மொதல்ல அசையுது."

சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.