ராமக்காளின் ஜின்

786

மதுரை,
14-8-1934

பினாங்கில் இருக்கும் என் அன்புத் தம்பி ஜலாலுக்கு, அண்ணன் சேக் இஸ்மாயில் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன்னை நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டுவருகிறேன்.

உன் கடிதமும், சாதிகாவுக்கு நீ அனுப்பிய கப்பல் படமும் போன வாரம் வந்து சேர்ந்தன. கப்பலில் எத்தனை கொடி பறக்கிறது என்று எண்ணிப் பார்த்து மகளையே பதில் எழுதச் சொல்லியிருந்தாய். அந்த வரியை நான் வாசித்ததும் உன் பெண்சாதி ஜெயினம்பு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எட்டு நாள் தள்ளிப்போட்டேன். நீ இதை வேலைக்கு நடுவில் படிக்க வேண்டாம். அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

மாசி மாதம் சாதிகாவுக்குக் காய்ச்சல் கண்டு தேறிவிட்டது என்று எழுதியிருந்தேன். அது வெறும் காய்ச்சல் இல்லை. பெரியம்மை. நம் தெருவில் நாலு பிள்ளைகள் மவுத்தாகிவிட்டார்கள். அல்லாஹ் நம் பிள்ளையின் உயிரைத் தந்தான். ஆனால் தம்பி, இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்களிடம் காட்டினோம். பிறகு திண்டுக்கல் போய் ஒரு ஹக்கீமையும் பார்த்தோம். இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று மூன்று பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்று தடுத்தது நான்தான். அங்கே ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நீ ஓடிவந்துவிடுவாய் என்று பயந்தேன். ஜெயினம்பு மூன்று தடவை எழுதச் சொல்லிக் கேட்டாள். மூன்று தடவையும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அதனால் உன் கோபம் முழுவதும் என் மேல்தான் இருக்க வேண்டும்.

புண் ஆறிய பிறகு பிள்ளை யாரோடும் பேசவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள். சோற்றை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். எட்டு வயதுப் பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளையின் கனத்துக்கு வந்துவிட்டாள்.

நம் வீட்டுக்கு ராமக்காள் என்றொரு பெண் நெல் குத்த வருகிறாள். நீ போன பிறகு வந்தவள் என்பதால் உனக்குத் தெரியாது. வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே குடியிருக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் வருவாள். அவள்தான் உலக்கையைப் போட்டுக்கொண்டே பிள்ளைக்கு ஒரு கதை சொல்ல ஆரம்பித்தாள். ஏழு மலைக்கு அப்பால் ஒரு மந்திரவாதி. ஊர்ப் பிள்ளைகளின் கண்ணில் உள்ள வெளிச்சத்தைத் திருடிக்கொண்டுபோய்த் தகரப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுகிறான். அதை மீட்டு வர ஒரு சின்னப்பெண், பேசத் தெரிந்த வெள்ளாட்டுக்குட்டி ஒன்றைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறாள். இதுதான் கதை. முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். உலக்கை விழுகிற தாளத்துக்கு ஆட்டுக்குட்டி நடக்கும். சாதிகா திரும்பி உட்கார்ந்தாள். இரண்டாம் வாரம் ஜெயினம்பு ஊட்டிய சோற்றைத் தன்னையறியாமல் வாங்கிக்கொண்டாள். ஒருநாள் நான் தகரப் பட்டறையிலிருந்து வீட்டுக்குள் வரும்போது என்னைக் கூப்பிட்டு, அந்தத் தகரப் பெட்டியைச் செய்து கொடுத்தது நீங்களா பெரியத்தா என்று கேட்டாள். நாலு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

இத்தோடு நின்றிருந்தால் நான் சந்தோஷமாக இருந்திருப்பேன். ஆனி மாதம் ஒரு மத்தியானம், பிள்ளை அடுப்புச் சாம்பலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுப்பதைக் கேட்டேன். “காளி கூளி, கதவைத் தொற” என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, அந்தச் சாம்பலை எடுத்து இரண்டு கண்ணிலும் தடவிக்கொண்டாள். கதையில் காட்டுக்குள் ஒரு காளி வருகிறாளாம். அவள்தான் அந்தச் சின்னப்பெண்ணுக்குச் சாம்பலும் மந்திரமும் கொடுக்கிறாளாம்.

படைத்தவனுக்கு இணை வைப்பதைவிடப் பெரிய பாவம் இல்லை என்று நம்மை வளர்த்தார்கள். கப்பலேறும்போது நீ உன் பிள்ளையை என் கையில்தான் ஒப்படைத்தாய். பார்வை போனது என் கையில் இல்லாதது. ஈமானும் போய்விட்டால் உனக்கு என்ன பதில் சொல்வேன்? அடுத்த வெள்ளிக்கிழமை ராமக்காள் வந்ததும், நெல்லை மட்டும் குத்து, உங்கள் சாமியை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவராதே என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். அவள் உலக்கையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். பிள்ளையின் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். மறுவாரம் வரவில்லை.

பிள்ளை மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெயினம்பு என்னை எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. உனக்குத்தான் அவளைத் தெரியுமே. பத்து நாள் பார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டாள்:

“மச்சான், அந்தக் கதை ஆகாதுன்னா வேணாம். ஆகுற கதையா ஒண்ணை நீங்களே சொல்லுங்க. எனக்கு எம் புள்ளை சாப்பிடணும்.”

நியாயம்தானே? அன்று சாயங்காலம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நபியின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தேன். பொறாமை பிடித்த அண்ணன்மார் தம்பியைக் கிணற்றில் தள்ளுகிற வரலாறு உனக்கும் தெரியும். இதில் ஒரு குற்றமும் இல்லை என்ற தைரியத்தில் சொல்லிக்கொண்டே போனேன். பிள்ளையும் கேட்டாள். கடைசிப் பகுதிக்கு வந்த பிறகுதான், எங்கே வந்து நிற்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. மகனைப் பிரிந்து அழுது அழுதே பார்வை போன தகப்பனார், தூரதேசத்திலிருந்து மகன் அனுப்பிய சட்டையை முகத்தில் போட்டதும் கண் திறந்தார்கள். அதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை. சொன்னேன்.

பிள்ளை என் சட்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு, “அத்தாவும் தூரதேசத்துலதானே இருக்காங்க. அத்தாவோட சட்டை ஒண்ணை அனுப்பச் சொல்லுவீங்களா பெரியத்தா?” என்று கேட்டாள்.

தம்பி, அப்போது நான் பட்டதை எழுதத் தெரியவில்லை. ராமக்காள் சொன்னது கதை. நான் சொன்னது சத்தியம். சத்தியம் என்று சொல்லித்தானே சொன்னேன்? அப்படியானால் பிள்ளை நம்பிக் காத்திருக்கப்போவது எதை? ராமக்காளின் சாம்பலுக்குப் பயந்து ஓடிவந்து, அதைவிடப் பெரிய ஆசையை நானே பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டேனே என்று இருந்தது. ஆலிம்கள் இதற்கு நல்ல பதில் வைத்திருப்பார்கள். பட்டறைக்காரனாகிய எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வண்டியூருக்கு நடந்தே போனேன். ராமக்காள் களத்துமேட்டில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திட்டத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி நின்றாள். கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அந்தக் காளி நீ கும்பிடுகிற சாமிதானா, அந்த மந்திரம் உங்கள் கோயில் மந்திரமா, என் தம்பி மகள் உன் கதையைக் கேட்டால் உன் சாமியைக் கும்பிட்டதாகுமா என்று. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“ராவுத்தரய்யா, எங்க சாமி வேற, இந்தக் கதை வேற. எம் மக தங்கப்பொண்ணுக்கும் அம்மைதான் போட்டுச்சு. மாரியம்மன் கோயில்ல ஈரச்சேலையோட உருண்டேன். வேப்பெலையிலயே படுக்க வச்சேன். கண்ணு ரெண்டும் போயி, மூணாம் நாளு உசுரும் போச்சு. அவ கெடந்தப்ப, பயப்படாம இருக்கட்டும்னு நானே கட்டுன கதை இது. சாமிகிட்டக் கேட்டேன், கெடைக்கலை. கதையில நான் குடுத்துக்கிட்டேன். சாமி குடுத்திருந்தா எனக்கு இந்தக் கதை எதுக்கு?”

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக நம் வீட்டு வாசலில் வேலை செய்தவள். நான் கேட்டதில்லை.

தம்பி, சாதிகாவுக்காக நாம் ஓதாத துஆ உண்டா? அவள் அங்கே உருண்டாள், நான் இங்கே நெற்றியைத் தரையில் வைத்து அழுதேன். கேட்டது இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. என் இறைவனையும் அவள் சாமியையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் கேட்டுக் கிடைக்காத இடத்தில் அவள் ஒரு கதையைக் கட்டி, அதில் மகளை உட்கார்த்தி வைத்தாள். அதை எடுத்து என் தம்பி மகளுக்கும் கொடுத்தாள். அதில் கும்பிடுவதற்கு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம் அம்மா நமக்குச் சொன்ன ஜின்கதைகளை நினைத்துப் பார். மாம்பழத்துக்குள் ஜின் புகுந்த கதையைக் கேட்டுவிட்டு நீ ஒரு வாரம் மாம்பழம் தொடவில்லை. நாம் யாராவது அந்த ஜின்னைத் தொழுதோமா? நான் நினைப்பது தவறு என்றால் அந்தக் கேள்வியை மறுமையில் என்னிடம் கேட்கட்டும். ஜெயினம்புவைக் கேட்க வேண்டாம். பிள்ளையையும் கேட்க வேண்டாம்.

என் வாய்ச்சொல்லை மன்னித்து வரச் சொல்லி ராமக்காளிடம் கேட்டேன். “வெள்ளிக்கெழம வாரேன்” என்றாள். வந்தாள்.

இதில் ஒரு வேடிக்கை. எனக்கு மனக்கஷ்டம் வேண்டாம் என்று அவளாகவே காளியை எடுத்துவிட்டாள். இப்போது காட்டுக்குள் ஒரு ஜின் இருக்கிறது. ஆனால் ராமக்காளின் ஜின் கேப்பைக் கூழ் குடிக்கிறது. தொட்டுக்கொள்ளப் பச்சைவெங்காயம் கேட்கிறது. காலில் தண்டை போட்டிருக்கிறது. அது நடந்துவருகிற சத்தத்தை அவள் வாயாலேயே செய்து காட்டும்போது சாதிகா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பட்டறையில் தகரம் தட்டுவதைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துவிட்டு நானும் கேட்கிறேன். ஜெயினம்புவுக்கு அது தெரியும். தெரியாதது போல இருந்துகொள்கிறாள்.

ஆனாலும் மனதில் ஒரு முள் இருந்தது. பிள்ளை உள்ளுக்குள் எதையோ நம்பிக்கொண்டிருந்து, ஒருநாள் உடைந்துவிட்டால்? முந்தாநாள் அவளைப் பக்கத்தில் உட்கார்த்தி, சாம்பல் தடவினால் கண் வரும் என்று நினைக்கிறாயா அம்மா என்று கேட்டேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். அது கதையில் உள்ள பிள்ளைக்குத்தான் வரும், தனக்கு வராது என்று ராமக்காள் முதல் நாளே சொல்லிவிட்டாளாம். பிறகு சொன்னாள்: “கதை கேக்கயில எனக்கு எல்லாம் தெரியுது பெரியத்தா. மலை, ஆட்டுக்குட்டி எல்லாம். அதுக்குத்தான் கேக்குறேன்.”

அப்படியானால் அத்தாவின் சட்டையை எதற்குக் கேட்டாய் என்றேன். நீ போகும்போது அவளுக்கு ஐந்து வயது. உன் முகம் மறந்துகொண்டே வருகிறதாம். சட்டையை மோந்து பார்த்தால் ஞாபகத்துக்கு வரும் என்றாள். கண்ணுக்காகக் கேட்கவில்லை, தம்பி. நான்தான் தவறாக நினைத்துவிட்டேன்.

உன் பெட்டியில் நீ விட்டுப்போன பழைய சட்டை எதுவும் அதற்கு உதவாது. எல்லாவற்றையும் ஜெயினம்பு துவைத்து மடித்து மடித்தே வாசம் போக்கிவிட்டாள். அதனால் நம் ஊர்க்காரர் யாராவது கப்பலேறினால் நீ உடுத்திய சட்டை ஒன்றைத் துவைக்காமல் கொடுத்தனுப்பு.

சட்டைக்குப் பதிலாக நீயே வந்தாலும் இனி நான் தடுக்க மாட்டேன். ஒப்புக்கொண்ட வேலை என்று முன்பு சொன்ன வாயால்தான் இதையும் சொல்கிறேன். ஜெயினம்பு இந்தக் கடிதத்தில் தனியாக ஏதும் எழுதச் சொல்லவில்லை. அவளும் இவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னால் நின்று, நான் எழுத எழுத வாசிப்பதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

வரும்போது ஒன்று மட்டும் செய். பிள்ளையைப் பார்த்ததும் உனக்கு அழுகை வரும். முகத்தில் தழும்பு நிறைய இருக்கிறது. வாசலில் நின்று, அழுவதற்கு முன்னால், அவள் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டுவிடு. வந்திருப்பது யார் என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு நீ எவ்வளவு அழுதாலும் அவளுக்குப் பயமாக இருக்காது.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உன் அண்ணன்,
சேக் இஸ்மாயில்