மருமகள் கழுத்தில் கிடந்த சங்கிலி

சாலை, திருவனந்தபுரம்
12-8-54

சிரஞ்சீவி நெல்லையப்பனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மையும் சுகம். நீலாம்பாளும் அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகம், அதை முதலிலேயே எழுதிவிட்டேன், மற்றதைப் பதறாமல் படி. டாக்டரம்மா சொல்வதற்கு அப்பா குறுக்கே நிற்க வேண்டாம் என்று பம்பாயிலிருந்து தந்தி அடித்தாயே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆனாலும் நடந்ததை எழுதுகிறேன்.

வளைகாப்புக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தபோது உன் பெண்டாட்டிக்கு வாந்தியும் மேல்வயிற்று வலியும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில், மாவைச் செரிக்க வைக்கிற அமிலேஸ் என்ற சத்து மிகவும் ஏறியிருக்கிறது, கணையம் வீங்கியிருக்கலாம், வலி கூடினால் வயிற்றைத் திறக்க வேண்டிவரும் என்றார் டாக்டரம்மா. பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டா என்று கேட்டேன். வாசகசாலையில் எடுத்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுபோய், கர்ப்பத்தில் ரத்தம் மாறுவது சகஜம், இதுவும் அப்படித்தான், கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். கர்ப்பத்தில் இது கொஞ்சம் ஏறி இறங்கும், இவ்வளவு ஏறாது என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். நான் விடவில்லை. கேட்டுக்கொண்டு கிடந்த நீலாம்பாள் அழுதுவிட்டாள். "சண்ட போடாதீங்க மாமா, எனக்கு வாயத் தொறக்கவே முடியல்ல" என்றாள். டாக்டரம்மா திரும்பிப் பார்த்து, அவள் கழுத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். இரண்டு காதுக்கும் கீழே வீக்கம், அதன்மேல் உன் அம்மையின் சங்கிலி. இது எந்தா என்று மலையாளத்தில் கேட்டார். "பொன்னுக்கு வீங்கிக்குப் பொன்னு போடாம வேற என்னத்தப் போட?" என்றாள் உன் அம்மை. வெளியே தெரிந்தால் வளைகாப்புக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று, தொண்டைக்கட்டு என்று சொல்லி மூடி வைத்திருக்கிறாள், என்னிடமும் சொல்லவில்லை. காதடியில் எச்சில் ஊறும் இடம் வீங்கினாலும் அதே சத்து ரத்தத்தில் ஏறுமாம், கணையத்தையும் லேசாகத் தொடலாமாம். கத்தி வேண்டாம் என்று தனியறைக்கு மாற்றினார்கள். அடுத்து எடுத்த ரத்தத்தில் இறங்கிவிட்டது. கஞ்சி குடிக்கிறாள். ஆசைப்பட்டு நெல்லிக்காய் கேட்கிறாள், புளிப்புப் பட்டதும் தாடை வலித்துக் கண்ணில் நீர் முட்டுகிறது, பாவம்.

உன் அம்மையைத் திட்டி எழுதாதே, அவளும் சரியாகச் சாப்பிடாமல்தான் கிடக்கிறாள். நான் கையெழுத்துப் போடாதது சரிதான், அதை எங்கும் சொல்வேன்.

வீக்கம் வடிந்தாலும் சங்கிலியை நீ வந்துதான் கழற்ற வேண்டுமாம், உன் பெண்டாட்டி சொல்கிறாள். வளர்ந்த ஆண்களுக்கு இந்த நோய் ஒட்டினால் கெடுதல் என்கிறார் டாக்டரம்மா, உனக்குப் பயமில்லை, சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அன்று இதே சங்கிலியைப் போட்டு நான்தான் உன்னை மடியில் வைத்திருந்தேன். உனக்கு ஞாபகமிருக்காது. பத்மநாபசாமி உன்னைக் குறைவில்லாமல் காப்பாற்றட்டும். லீவு கேள். இனித் தந்தி வேண்டாம், நேரில் வா.

இப்படிக்கு
உன் தகப்பன்
பகவதிப்பெருமாள்