கிழியாத ரப்பர் குழாய்

உங்கள் ரிப்பேர்ப் பெட்டியைத் திறந்து இன்றோடு எட்டு நாளாகிறது. சீயக்காய் போட்டுக் கழுவியும் கிரீஸ் வாடை கையை விட்டுப் போகவில்லை. நம் பிளசர் காரை வாங்க ஓர் ஆள் வந்து பேசிவிட்டுப் போனார். சாமான்களையும் சேர்த்தே கொடுத்துவிடலாம் என்றுதான் பெட்டியைத் திறந்தேன். ஸ்பானர், திருப்புளி, பழைய பிளக்கு எல்லாவற்றுக்கும் அடியில், உங்கள் வேட்டித் துணியில் சுற்றி ஒரு சாண் நீளத்துக்கு அந்த ரப்பர் குழாய் இருந்தது. ரேடியேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே தண்ணீர் போகிற குழாய். கிழிந்துபோச்சு, தூக்கி எறிந்துவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னாலும் நீங்கள் சொன்ன அதே குழாய். சந்தேகமே இல்லை. முனை தளர்ந்தபோது இறுக்கிக் கட்ட நான் கிழித்துக் கொடுத்த சிவப்புச் சேலைத் துண்டு அதிலேயே ஒட்டியிருந்தது.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் கிழியவில்லை. கண்ணை நம்பாமல், ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. ஏனுங்க, எதற்கு அப்படி ஒரு பொய்?

அந்தப் பங்குனி மாசம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கோபியிலிருந்து ஈரோட்டுக்குச் சவாரி கிளம்பினால் கவுந்தப்பாடி தாண்டுவதற்குள் இஞ்சின் கொதித்து, மூடியோரம் புஸ்ஸென்று ஆவி கிளம்பிவிடும். ஏறினவர்கள் இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்து முணுமுணுப்பார்கள். நீங்கள் விசிறி வாரை இறுக்கிப் பார்த்தீர்கள். இந்த ரப்பர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தீர்கள். ஒன்றும் சரிப்படவில்லை. பிறகொரு நாள் வண்டி கொதித்து வாசலில் நிற்கும்போது, ரேடியேட்டர் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டீர்கள். “கண்ணு, இங்க வந்து தொட்டுப் பாரு. மேல கை வெக்க முடியல, கீழ சில்லுனு இருக்குது. உள்ள தண்ணி எறங்கலை பாரு, எங்கியோ அடைச்சிருக்குது.”

ஆறவிட்டு மூடியைத் திறந்து என்னையும் பார்க்கச் சொன்னீர்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று உப்பு படிந்திருந்தது. நம் வெந்நீர்த் தவலைக்குள் படிகிற அதே உப்பு, நம் கிணற்று உப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அட, இதுக்கா ஒரு மாசமா மண்டையை ஒடைச்சுக்கிட்டீங்க? தவலைக்கு நான் என்ன பண்றேனுங்க? புளியைக் கரைச்சு ஊத்துங்க, பித்தளைதானே இதுவும்?” என்றேன். உங்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ரெண்டு வீசைப் பழம்புளியை நானே ஊறப்போட்டுக் கரைத்து, வடிகட்டிக் கொடுத்தேன். நீங்கள் ஊற்றி, இஞ்சினைச் சூடேற்றி, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிட்டு, அடித் திருகைத் திறந்துவிட்டீர்கள். சேறு மாதிரி வந்தது. நல்ல தண்ணீர் விட்டு நாலு தரம் அலசினீர்கள். மறுநாள் கோபி போய்த் திரும்பியும் வண்டி கொதிக்கவில்லை. “உனக்கொரு மெக்கானிக் பட்டறை வெச்சுக் குடுக்கோணும்” என்று ஊரெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் போய்ப் பெருமை பீற்றிவிட்டுத்தான் அன்றைக்கு உலை வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் உங்கள் தங்கச்சிக்கு வலி எடுத்தது. நம் வீட்டில்தான் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வெயில் ஏற ஏற மருத்துவச்சி கையைப் பிசைந்தாள். “குழந்தை திரும்பியிருக்குது, என்னால ஆகாது சாமி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க” என்றாள். வாசலிலேயே பிளசர் நிற்கும்போது நமக்கென்ன பயம்? பின்சீட்டில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் ஹாண்டிலைச் சுற்றிக் கிளப்பினீர்கள்.

பாதி வழி போவதற்குள் ஆவி கிளம்பியது. இறங்கிப் பார்த்துவிட்டு, “தண்ணி ஒழுகுது” என்று மட்டும் சொன்னீர்கள். அப்புறம் மைலுக்கு ஒரு தரம் நிறுத்தம். கோடையில் கிணறெல்லாம் பாதாளத்தில் கிடந்தது. எந்தத் தோட்டத்து ஏற்றம் இறைக்கிறதென்று பார்த்து ஓடுவீர்கள், குடத்தோடு ஓடி வருவீர்கள், ஊற்றுவீர்கள், ஊற்றின தண்ணீர் ரோட்டில் ஒழுகும். ஒரு பொம்பளை தன் இடுப்புக் குடத்தையே உங்களிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாக இவளைப் பார்த்து அழுதாள். “அண்ணன் வந்துட்டாங்களா?” என்று இவள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்டாள். ஈரோடு போய்ச் சேரும்போது சூரியன் சாய்ந்துவிட்டது. குழந்தையை எடுத்துக் கொடுத்தார்கள். பெண். தாய் கண் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று டாக்டரம்மா கேட்டது, எத்தனை வருஷமானாலும் காதிலேயே நிற்கிறது.

காரியமெல்லாம் முடிந்தபின் வண்டியைக் கோயமுத்தூருக்குக் கட்டி இழுத்துப் போனீர்கள். கோட்டைமேட்டு பாய் பட்டறையிலிருந்து திரும்பி வந்து, மாப்பிள்ளை வீட்டாரும் நம் சனமும் கூடியிருந்த இடத்தில், புது ரப்பர் குழாயைக் காட்டினீர்கள். “பழைய குழாய் கிழிஞ்சிருந்துச்சு. நாந்தான் பாக்காம உட்டுட்டேன். தப்பு என்னுதுதானுங்க.” தலை நிமிராமல் சொன்னீர்கள். தங்கச்சி மாப்பிள்ளை எழுந்து போனவர்தான், அப்புறம் நம் வாசல் மிதிக்கவில்லை. குழந்தையையும் கண்ணில் காட்டவில்லை.

நமக்கும் பிள்ளையில்லை. அந்தப் பிள்ளைக்குக் காது குத்தும்போதாவது தாய்மாமன் மடி வேண்டுமே, அப்போது கூப்பிடாமலா போவார்கள் என்று ஒரு பட்டுப்பாவாடை எடுத்து வைத்திருந்தீர்கள். கூப்பிடவில்லை. ஒன்றுவிட்ட மாமன் ஒருவன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். அன்றைக்கு, “ஈரோட்டுக்குச் சவாரி இருக்குது” என்று விடியும்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நீங்கள் திரும்பி வந்ததும் என் வயிற்றெரிச்சலையெல்லாம் உங்கள் மேல் கொட்டினேன். “ஒரு சாண் ரப்பரைப் பாக்காம ஒரு உசுரைக் கொன்னுபோட்டீங்களே, இப்பச் சவாரி ஒண்ணுதான் கேடா?” என்றேன். நான்தான் சொன்னேன். நீங்கள் கைகால் கழுவிக்கொண்டு வந்து, “சோறு போடு கண்ணு” என்றீர்கள்.

அதற்கப்புறம் உங்களிடம் ரெண்டு கிறுக்குத்தனம் வந்து சேர்ந்ததாக நான் நினைத்தேன். ஒன்று, வண்டிக்கு நம் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. கோயமுத்தூர் போகும்போதெல்லாம் குழாயில் வருகிற சிறுவாணித் தண்ணீரைத் தகர டின்னில் பிடித்து வருவீர்கள். “பிளசருக்குச் சிறுவாணி, பொண்டாட்டிக்கு உப்புத் தண்ணியா? நல்ல நாயமுங்க” என்று கேலி பேசுவேன். சிரிக்க மாட்டீர்கள். இன்னொன்று, நான் புளி போட்டுப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள். போகிற போக்கில், “சாம்பல் போட்டுத் தேயேன் கண்ணு” என்பீர்கள். ஆம்பளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று ஒருநாள் சண்டைகூடப் போட்டேன். போன ஆடியில் நெஞ்சுவலி வந்து நீங்கள் போகிற வரைக்கும் ஏன் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குழாயைத் துணியில் சுற்றிக்கொண்டு மறுநாளே பஸ் ஏறிப் பாய் பட்டறைக்குப் போனேன். ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த பாய் குழாயைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். “இதையா வெச்சிருந்தாரு?” என்றவர், நான் விவரம் கேட்டதும் பேச்சை மாற்றப் பார்த்தார். நான் விடவில்லை.

“அது கிழட்டு ரேடியேட்டருங்கம்மா. உள்ளெல்லாம் ஊசி ஊசியா ஓட்டை. உப்பு அடைச்சுக்கிட்டு நின்னதுனால தண்ணி நின்னுச்சு. புளி உப்பைக் கரைச்சிருச்சு, ஓட்டையெல்லாம் தொறந்துக்கிச்சு. எடுத்துப் பாக்கறப்பச் சல்லடையாட்டம் இருந்துச்சு. நான் பத்தவெச்சுக் குடுத்துட்டேன். அவரு புதுக் குழாய் ஒண்ணு வேணும்னாரு. நல்ல குழாய் இருக்கறப்ப எதுக்குங்கன்னு கேட்டேன். ‘ஊருக்குக் காட்டறதுக்கு, பாய். புளின்னு தெரிஞ்சா எங்க ஊட்டுல அவ தாங்கமாட்டா’ன்னு அழுதாருங்கம்மா. ஆண்டவன் மேல ஆணையா யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னாரு. அவரே இல்லைன்னு ஆனப்புறம் நீங்களே வந்து கேக்கறீங்க, நான் என்ன பண்ணட்டும்?”

பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் வீட்டம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “தெரியாமப் பண்ணினதும்மா” என்று பாய் ரெண்டு மூன்று தரம் சொன்னார். புளி தெரியாமல் ஊற்றினது, சரி. நான் பேசின பேச்சு?

முந்தாநாள் அந்தப் பட்டுப்பாவாடையையும் குழாயையும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். விரட்டினாலும் சொல்லிவிட்டுத்தான் வருவது என்று போனேன். அவர் கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாம் சொன்னேன். “ஏனுங்கண்ணா, அவங்க மேல ஒரு பாவமும் இல்லீங்க. புளி குடுத்தது நானுங்க. என்னை என்ன பேசோணுமோ பேசுங்க” என்றேன்.

அவர் குழாயை வாங்கிப் பார்த்தார். அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, “காதுகுத்து அன்னிக்கு மச்சான் வந்திருந்தாரு அம்மிணி” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“அந்தக் கிளுவை வேலியோரம் வண்டியை நிறுத்திப்போட்டு நின்னாரு. புள்ளை அழுகறது கேட்டதும் ரெண்டு எட்டு உள்ள வந்தாரு. நான் பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன். குத்தி முடியற வரைக்கும் அங்கியேதான் நின்னாரு.” சொல்லிவிட்டுத் தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.

ஈரோட்டுச் சவாரி அதுதானா? அங்கே நின்றுவிட்டு வந்தவரிடமா நான் அந்தப் பேச்சுப் பேசினேன்?

பிள்ளை வந்தாள். உங்கள் வீட்டு மூக்கு. அத்தை என்று சொல்லிக் கொடுத்ததும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பாவாடையை இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது குட்டையா இருக்குதுங்கத்தை” என்றாள். ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டாள். கிளம்பும்போது வேலி வரைக்கும் கூட வந்தாள். நீங்கள் நின்ற இடம் எதுவென்று நான் அவளிடம் காட்டினேன்.

காரையும் பெட்டியையும் கொடுத்தாகிவிட்டது. குழாயைக் கொடுக்கவில்லை, என் சேலைப் பெட்டியில் இருக்கிறது. இன்றைக்கு விடிந்ததும் வெந்நீர்த் தவலையைத் தேய்க்க எடுத்தேன். கை தானாகப் புளிப்பானைக்குப் போனது. மூடிவிட்டு அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். உப்பு போகவில்லைதான். போகட்டும், இருந்துவிட்டுப் போகட்டுமுங்க.