பதிமூன்று நாளும் அதே பாடம்

என் மூத்தவளுக்கு,

நானும் உன் தங்கை வாலுவும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறோம். ஆஸ்பத்திரியில் அந்த நோயாளிகளுக்கு நடுவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆன்லைன் வகுப்புக்கு நீ அனுப்பிய போனோடு காலை ஒன்பதுக்கு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருநாள் முகம் வாடி வெளியே வந்தாள், என் தையல் மிஷின் சத்தத்தில் படிக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நானாகவே மிஷினை மூடிவிட்டு, ஆஸ்பத்திரி அங்கிகளுக்குக் கையாலேயே நாடா தைத்தேன். கதவுக்குப் பின்னால் டீச்சர் தண்ணீர் ஆவியாகிற பாடம் நடத்துவது கேட்கும். மறுநாளும் அதே, அடுத்த வாரமும் அதே. எவ்வளவு பொறுமையா நடத்துறாங்க பாரு என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டேன், என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை டீச்சரே கூப்பிட்டு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா, பதிமூணு நாளா வகுப்புக்கே வரலையே என்றார். தூக்கிவாரிப் போட்டது. போனில் பதிவாகியிருந்த பழைய பாடத்தையே தினமும் ஓடவிட்டிருக்கிறாள் கள்ளி! வெள்ளிக்கிழமை பரீட்சைக்கும் வராவிட்டால் இன்னொரு வருஷம் அதே வகுப்புதான் என்றார் டீச்சர். ஆத்திரத்தில் அடித்துவிட்டேன், கை இன்னும் கூசுகிறது. அழுதுகொண்டேதான் சொன்னாள், பதில் சொல்ல மைக்கைத் திறந்தபோது மிஷின் சத்தம் கேட்டு, யார் வீட்டுல லாரி ஓடுதுன்னு யாரோ கேட்க, வகுப்பே சிரித்ததாம். அப்புறம் அவங்க மூஞ்சில முழிக்க முடியலம்மா, சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு மறைச்சேன் என்றாள்.

மூன்று நாளாக விட்டதையெல்லாம் உட்கார்ந்து படிக்கிறாள், நான் கேள்வி கேட்கிறேன். ஆனால் பரீட்சையில் போனில் முகம் காட்டி, மைக்கையும் திறந்துவைத்துத்தான் எழுத வேண்டுமாம், அதைச் சொன்னதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாளைக்கும் மிஷினைத் தொடவே மாட்டேன் என்றேன். வேண்டாம், நீ பக்கத்துலயே உட்கார்ந்து தை, சிரிச்சா சிரிக்கட்டும் என்றாள். காலையில் மனசு மாறிவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

இது உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை தாண்டியிருக்கும். அவளைத் திட்டாதே, அடித்ததற்கு என்னைத் திட்டு. கையுறையைக் கழற்றினால் கையைக் கழுவு, நர்சுக்கே சொல்கிறேன் என்று சிரிக்காதே. நோய்நொடி அண்டாமல் நூறு வயது இரு, கண்ணே. நாளை ஒன்பது மணிக்கு என் கால் மிஷினில் இருக்கும், உயிர் அவளிடம் இருக்கும்.

தண்ணீர் எப்படி ஆவியாகிறது என்று மனப்பாடமாகத் தெரிந்த
உன் அம்மா