அட்டை தீர்ந்த பிறகு

9 மார்ச் 1987, திங்கள்

இன்று கேர்னலிலிருந்து, பெட்டியை ஓட்டுகிற மூல நிரலிலிருந்து, நாட்காட்டியை வெட்டி எறிந்தேன். தெருவோரத் தொலைபேசிக்கு இன்று என்ன தேதி என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? கொஞ்சம் இடமாவது மிச்சம்.

புதுப் பெட்டிக்குள் இருக்கிற புரொசஸர் சின்னது. நினைவகம் அதைவிடச் சின்னது. விசையைப் பார்ப்பது, தொலைபேசி அட்டையைப் படிப்பது, திரையில் எழுதுவது, பேசப் பேச அட்டையில் அலகு கழிப்பது என்று எல்லா வேலையையும் அதற்குள் அடைக்கவேண்டும். எது முந்தி, எது பிந்தி, எதற்கு எவ்வளவு இடம் என்று ஒரு அட்டவணையை நிரப்பிக் கொடுத்தால், கேர்னல் அதன்படி ஒவ்வொரு வேலைக்கும் முறை கொடுக்கும். அந்த அட்டவணைதான் என் பொறுப்பு. கட்டுபெத்தை வளாகத்தில் படித்ததில் இது ஒன்றுதான் எனக்கு இங்கே சோறு போடுகிறது.

கம்பனியில் கேர்னலைப் பிரெஞ்சில் 'நுவாயோ' என்கிறார்கள். பழத்தின் கொட்டைக்கும் அதே சொல். அது தெரிந்த நாளிலிருந்து வள்ளிநாயகி அக்கா, நான் வேலையால் வந்து கதவைத் தட்டினால், "கொட்டை எப்பிடி, முளைச்சிட்டுதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறார். பெண்கள் இரண்டு பேரும் இரண்டு வருடமாக ஒரே அறை. அவர் அலுவலகங்கள் கூட்டித் துடைக்கப் போகிறவர். விடியமுன் எழும்பிப் போய்விடுவார். ஒரே கட்டிலை முறைவைத்துப் பாவித்த காலமும் உண்டு. இப்போது இரண்டு கட்டில். முன்னேற்றம்.

2 ஏப்ரல், வியாழன்

எங்கள் பெட்டிகளைச் சோதனைக்காகத் தெருவில் நட்டுவிட்டார்கள். நாலில் ஒன்று பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடுகிற லாச்சப்பலில், ரூ பெர்தொனே தெரு முனையில். எனக்குப் பெருமைதான். ஒருவரிடமும் சொல்லவில்லை, அக்காவைத் தவிர.

5 ஏப்ரல், ஞாயிறு

அக்காவின் தங்கை தில்லைநாயகி பருத்தித்துறையிலிருந்து மருத்துவத்துக்காகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார். மார்பில் கட்டி. அந்த வீட்டில் தொலைபேசி இல்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கிறது. அக்கா ஞாயிறு மத்தியானம் அங்கே எடுப்பார், அந்த வீட்டுக்காரர் ஓடிப்போய்ச் சொல்வார், தில்லைநாயகி நடந்து வருவார். அவர் வந்து சேர்வதற்குள் அட்டையில் பாதி போய்விடும். ஆனாலும் அவர் வருகிற செருப்புச் சத்தம் கேட்கும் என்று அக்கா சொல்வார்.

இன்று என் பெட்டியிலிருந்துதான் எடுத்தார். நான் வெளியே நின்றேன். கண்ணாடிக்குள் அக்காவின் முகம் மாறுவது தெரிந்தது. நோய் ஈரலுக்கும் பரவிவிட்டதாம். அக்கா விழுந்துவிடாமல் இருக்க விசைகளின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். வெகுநேரம் அப்படியே நின்று கதைத்தார்.

வெளியே வந்து அட்டையைக் காட்டினார். "பார் பேர்ளி, ஒண்டுமே குறையேல்லை. உன்ரை மெசினுக்கும் மனமிரங்கிட்டுது போலை."

நான் சிரிக்கவில்லை. எங்கே பிழைத்தது என்று மனதுக்குள் அட்டவணையை ஓட்டிப் பார்த்தேன்.

6 ஏப்ரல், திங்கள்

ஆய்வுகூடத்தில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் செய்து பார்த்தேன். நட்சத்திர விசையை அழுத்திப் பிடித்தால் அலகு கழிவது நின்றுவிடுகிறது. விட்டால் திரும்பத் தொடங்குகிறது.

பிழை என்னுடையதுதான். விசைக்கு முதல் இடம் கொடுத்திருக்கிறேன், அலகு கழிப்பதற்குக் கடைசி இடம். விசையை அழுத்திப் பிடித்தால் அது நான் நான் என்று ஓயாமல் முறை கேட்கிறது, கேர்னலும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பந்தியில் முதல் இலைக்காரன் திரும்பத் திரும்பக் கேட்டால் கடைசி இலைக்குச் சோறு எப்படிப் போகும்?

ஆயிரம் தடவை சோதித்தோம். ஆனால் இங்கே ஒருவரும் விசைப்பலகையில் கை ஊன்றி அழுததில்லை.

அட்டவணையில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். மாற்றவில்லை. மேலாளர் மொறேலிடம் சொல்லவுமில்லை. ஏன் சொல்லவில்லை? அடுத்த ஞாயிறு வரட்டும் என்றுதான்.

19 ஏப்ரல், உயிர்த்த ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வரிசை நகைக்கடை வாசல் வரை நிற்கிறது. அக்காவின் கதை பரவி, எந்த விசை என்று அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். மன்னார் லோறன்ஸ் அண்ணைதான் வரிசைக்குத் தலைவர். அவருடைய மனைவி பிள்ளைகள் வள்ளத்தில் இராமேஸ்வரம் போய் அங்கே இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் பாடம் எடுக்கிறார்: "நட்சத்திரத்தைப் பெருவிரலாலை அமத்திக்கொண்டு கதையுங்கோ. அழுகை வந்தாலும் விரலை எடுக்காதேங்கோ."

அக்காவும் தங்கையும் இன்று சண்டை பிடித்தார்களாம். அம்மா கொடுத்த நாவல்பழ நிறச் சேலை யாருக்கு என்று. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "வருத்தக்காரி மாதிரியே கதைக்கிறாள்? வாய் குறையேல்லை." பிறகு தில்லைநாயகி களைத்துப்போய், நீ கதை நான் கேட்கிறேன் என்றாராம். அக்கா துடைக்கப் போகிற அலுவலகத்து மேசைகளைப் பற்றியெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றார்.

பாவசங்கீர்த்தனத்துக்கு நான் போகவில்லை. பாதரிடம் என்னவென்று சொல்வது? ஒரு எண்ணைத் திருத்தாமல் விட்டேன் என்றா?

11 மே, திங்கள்

மொறேல் கூப்பிட்டார். நாலு பெட்டியில் ஒன்று மட்டும் மணிக்கணக்கில் வேலை செய்கிறது, அலகு கழியவில்லை. "அங்கே நிற்பவர்கள் உங்கள் நாட்டவர்களாம். போய்க் கேளுங்கள், என்ன செய்கிறார்கள் என்று" என்றார். கெட்ட மனிதர் இல்லை. நான் முதன்முதல் வந்தபோது என் பிரெஞ்சைப் பொறுத்துக்கொண்டவர். ஜூன் முதல் வாரத்துக்குள் சரிவராவிட்டால் பெட்டிகளை வேறு கம்பனிக்குக் கொடுத்துவிடுவார்களாம். இங்கே கதவை மூடவேண்டியதுதான் என்றார். வேலை போனால் இங்கே இருப்பதற்கான என் காகிதமும் கேள்விக்குறிதான்.

12 மே

கேட்பதற்கு என்ன இருக்கிறது. வரிசையில் நானும்தான் நிற்கிறேன்.

24 மே, ஞாயிறு

பெட்டியின் பிழையையும் மொறேல் சொன்னதையும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"அது உன்ரை பிழையோ?"

"ஓம் அக்கா."

"அப்ப திருத்து. உனக்கு வேலை போனா ஆர் பாக்கிறது?"

கறியை அடுப்பில் வைத்தார். பிறகு, முகத்தைத் திருப்பாமல்: "வாற ஞாயிறு மட்டும் விடுவியோ பிள்ளை?"

ஓம் என்றேன்.

28 மே, வியாழன்

ஊரில், வடமராட்சியில், இலங்கை ஆமி இறங்கிவிட்டதாம். பருத்தித்துறைப் பக்கம் ஒருவருக்கும் ஒரு செய்தியும் இல்லை. கொழும்பில் யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்கத்தான் வரிசை. வேலைநாளிலும் தெரு முழுக்க ஆட்கள். ஒவ்வொருவருடைய பெருவிரலும் சிவந்திருக்கிறது.

இந்த நேரம் பார்த்தா நான் அதைத் திருத்தவேண்டும்?

1 ஜூன், திங்கள்

திருத்திவிட்டேன். நேற்று அக்கா கடைசியாக ஆசைதீரக் கதைத்தார்.

அலகு கழிப்பதை மேலே ஏற்றினேன், விசையைக் கீழே இறக்கினேன். அட்டவணையை மூடப்போன கை மூடாமல் நின்றது. இன்னொரு கட்டம் இருக்கிறது. அட்டை தீர்ந்து பீப் சத்தம் கேட்ட பிறகு, எவ்வளவு நேரத்தில் இணைப்பை வெட்டுவது? உடனே என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அரை நிமிடம் என்று போட்டேன். ஒரு சொல்லை முடிக்க, போயிட்டு வாறன் என்று சொல்ல.

அட்டவணை பதிந்த பழைய சிப்பைப் புறஊதா விளக்கின் கீழ் வைத்து அழித்து, புதியதை எழுதினேன். நட்சத்திர விசைதான் காரணம் என்று மொறேலிடம் சொன்னேன், அவர் சோதித்தார். நட்சத்திரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். அலகு ஒழுங்காகக் கழிந்தது. அட்டை தீர்ந்தது, பீப் கேட்டது, உடனே ரிசீவரை வைத்துவிட்டார். நல்ல காலம். வைக்காமல் காதில் வைத்திருந்தால் பிடிபட்டிருப்பேன்.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் வரிசைக்குத் தெரியும், வரிசைக்குத் தெரிந்தால் மொறேலுக்குத் தெரியும். சொல்லத் தேவையும் இல்லை. கதைத்துக்கொண்டிருப்பவர் கதைத்துக்கொண்டுதானே இருப்பார்.

3 ஜூன்

சிப் மாற்ற நானும் போகவேண்டியிருந்தது. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தபோது பின்னால் லோறன்ஸ் அண்ணை.

"பேர்ளி, நீயோ?"

பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

7 ஜூன், ஞாயிறு

இதை எழுதாமல் படுக்கமுடியாது.

அக்காவுக்குப் புது அட்டை வாங்கிக் கொடுத்திருந்தேன். எடுத்தார். வீட்டுக்காரர் ஓடினார். தில்லைநாயகி வரவில்லை, வரவில்லை. இப்போது இரண்டு பேர் பிடித்துத்தான் கூட்டிவருகிறார்களாம். அலகு ஓடிக்கொண்டே இருந்தது. என் எண்கள், ஒழுங்காக, ஒன்றுவிடாமல். வந்து சேர்ந்ததும் அக்கா ஏதோ கேட்டார், தலையாட்டினார், பிறகு காதை இறுக்கி வைத்துக்கொண்டார். பீப் சத்தம் எனக்கு வெளியே கேட்டது.

அக்கா உடனே ரிசீவரை வைத்துவிட்டார்.

ஏன் வைச்சீங்கள்? ஏன் அக்கா வைச்சீங்கள்? இன்னும் இருந்ததே. நான் கண்ணாடியில் தட்டக் கையைத் தூக்கினேன், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே வந்து அவரே சொன்னார். "கூவினா வெட்டுப்படப்போகுது எண்டுதானே. வெட்டுப்படுற சத்தம் அவளின்ரை காதிலை விழக்கூடாது. நானே வைச்சிட்டன். ஏதோ சொல்ல வெளிக்கிட்டவள். 'அக்கா, இன்னுமொரு கதை' எண்டவள்."

இன்னொரு அட்டை போட்டு எடுத்தோம். கொழும்பு கிடைக்கவில்லை. திரும்ப எடுத்தோம். கிடைக்கவில்லை. பின்னால் ஊர்ச்செய்தி தெரியாத சனம், ஒருவரும் முணுமுணுக்கவில்லை, ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லோறன்ஸ் அண்ணையும் நின்றார். அவ்வளவு பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது, ரிசீவரைக் கீழே வைத்திருக்கத் தேவையில்லை, இன்னும் அரை நிமிடம் இருந்தது என்று?

"வாற ஞாயிறு கேப்பம்" என்றார் அக்கா.

வருகிற ஞாயிறுக்குள் சொல்லிவிடுவேன். கட்டாயம்.

11 ஜூன், வியாழன்

தில்லைநாயகி இன்று விடியக் காலமானார். எங்கள் அறைக்குக் கீழே உள்ள கடைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார்கள். கடைக்காரர் படியேறி வந்து எங்களிடம் சொன்னார்.

12 ஜூன்

அக்கா வேலைக்குப் போனார். போகவேண்டாம் என்றேன். "இஞ்சை இருந்து என்ன செய்யிறது, சுவரைப் பாக்கிறதோ?" காகிதம் இல்லாமல் கொழும்புக்குப் போகவும் முடியாது. போனால் திரும்பமுடியாது.

18 ஜூன், வியாழன்

அறையிலேயே எட்டுச்செலவு, எட்டாம் நாள் படையல். தில்லைநாயகிக்குப் பிடித்ததெல்லாம் அக்கா சமைத்தார். முருங்கைக்காய் எங்கோ தேடிப் பிடித்தார். பணியாரமும் சுட்டார். படம் இல்லை. விளக்கு மட்டும். சிலுவை போடுகிற நான், தேங்காய் உடைக்கப் பழகினேன்.

சாப்பிடும்போது கேட்டார்: "என்ன சொல்ல வெளிக்கிட்டவள் எண்டு நினைக்கிறாய்?"

"சேலையைப் பற்றித்தான் இருக்கும் அக்கா."

"ஓம், அதுதான்" என்றார். சோற்றைப் பிசைந்தார்.

5 ஜூலை, ஞாயிறு

ஒவ்வொரு நாளும் சாப்பிடும்போது அதே கேள்வி. ஒவ்வொரு நாளும் நான் சேலை என்கிறேன். ஒரு நாள் மருந்துப் போத்தல் என்றேன், முகம் வாடிவிட்டது. பிறகு சேலையையே சொல்கிறேன்.

கம்பனிக்குப் பெரிய ஓடர் கிடைத்துவிட்டது. மொறேல் எல்லோருக்கும் ஷம்பாஞ் போத்தல் உடைத்தார். என் அட்டவணையை அப்படியே எல்லாப் பெட்டிகளுக்கும் போடப்போகிறார்களாம். அரை நிமிடத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். கை வரவில்லை.

அக்காவிடம் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். சொல்லி யாருக்கு என்ன லாபம்? அவர் தன்னைத்தானே தின்பார். சொல்லாமல் இருப்பது அவருக்காகவா, எனக்காகவா? தெரியவில்லை. பொய். தெரியும்.

6 செப்டெம்பர், ஞாயிறு

எடுப்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும் அக்கா ஞாயிறு மத்தியானம் அந்த முனைக்கு வருவதை விடவில்லை. பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து வரிசைக்கு ஊற்றிக் கொடுப்பார். லோறன்ஸ் அண்ணைக்குச் சீனி இல்லாமல்.

இன்று ஒரு புதிய பெண், மரியமலர் என்று பெயர், வந்து ஒரு கிழமையும் ஆகவில்லை. புருசன் இராமேஸ்வரத்தில். வெக்கைக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கதைத்தாள். நான் அடுத்தது. உள்ளே பீப் சத்தம் கேட்டது. அவள் பதறிப்போய் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தாள்.

என் கை தானாகவே உள்ளே போய் அவள் கையைப் பிடித்தது.

"வையாதேங்கோ. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. கதையுங்கோ."

அவள் திரும்பக் காதில் வைத்தாள். "நான் சுகமாயிருக்கிறன், பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ" என்று ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பக்கம் அவரும் ஏதோ சொல்லியிருக்கவேண்டும், சிரித்தாள். பிறகுதான் வெட்டுப்பட்டது.

திரும்பினேன். பின்னால் அக்கா, கையில் பிளாஸ்க்.

"எப்ப தொடக்கம் பேர்ளி?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. "பெட்டி திருத்தின நாள் தொடக்கம், அக்கா."

அவர் பிளாஸ்கின் மூடியை இறுக்கினார். இறுகிய பிறகும் திருகிக்கொண்டே நின்றார்.

"நான்தான் வைச்சனான், என்ன" என்றார்.

ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். வழமைபோலச் சமைத்தார், எனக்கு முதலில் போட்டார். சேலை என்று சொல்ல நான் காத்துக்கொண்டிருந்தேன். அக்கா இன்று கேட்கவில்லை.