கழலாத ஈயம்

மார்ச் 4, ஞாயிறு

இன்றும் இரண்டு கெண்டை நழுவிவிட்டன. இரண்டும் மச்சினன் தூண்டிலில். கழி வளைந்ததும் ஏரியே கைக்கு வந்துவிட்ட மாதிரி சத்தம் போட்டான். அடுத்த நொடி வெறும் முள் வந்தது. "மாமா, நீங்க கட்டிக் குடுத்ததுலதான் ஏதோ கோளாறு" என்றான். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் இருவருக்கும் முள் கட்டுவது எப்போதும் நான்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாகக் கடுகளவு திருகாணியை இடுக்கியால் மாட்டுகிறவனின் முடிச்சில், லிஃப்ட் பழுது பார்க்கிறவன் கோளாறு கண்டுபிடிக்கிறான். வாரம் ஆறு நாள் லிஃப்ட் குழிக்குள் கிடப்பவன், வானத்தைப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டேன் என்று எழுதுகிறேனே தவிர, வீட்டுக்கு வந்ததிலிருந்து மண்டையைக் குடைகிறது.

மார்ச் 6, செவ்வாய்

அந்த முள்ளைக் கடைக்குக் கொண்டுபோய் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். நுனி மழுங்கவில்லை. நகத்தின் மேல் இழுத்தால் வழுக்காமல் குத்தி நிற்கிறது. ஆக, முள் நல்ல முள்தான். பொருத்தம்தான் சரியில்லை.

கெண்டை எதையும் வெடுக்கென்று கடிக்காது. உறிஞ்சிப் பார்த்து, சந்தேகம் வந்தால் துப்பிவிடும். துப்புகிற அந்த நேரத்தில்தான் முள் திரும்பிக் கீழ் உதட்டில் ஏற வேண்டும். அதனால் இரை உருண்டையை முள்ளில் குத்தாமல், முள்ளுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இழையில் தொங்கவிடுவோம். அந்த இழையைக் குட்டையாக விட்டிருக்கிறேன். உருண்டை முள்ளின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது. போதாததற்கு உருண்டை பெரிது, முள் பத்தாம் எண். (இந்த எண்கள் ஆபீஸ் மாதிரி. எண் சின்னதானால் ஆள் பெரியவர்.)

மச்சினன் சொன்னது சரி. அவனிடம் அதைச் சொல்வதாக இல்லை.

மார்ச் 8, வியாழன்

ஆறாம் எண். அகன்ற வாய். மெல்லிய கம்பியா, தடித்ததா? மெல்லியது சட்டென்று ஏறும், ஆனால் பாசிக்குள் இழுத்தால் நிமிர்ந்துவிடும். எங்கள் ஏரியில் மீனைவிடப் பாசி அதிகம். தடித்ததுதான் சரி. எதிர்முள் இல்லாதது, அது ஏரியை நடத்துகிற ஏரிக்காரரின் விதி. பிடித்த மீனை நிறுத்துப் பார்த்து மறுபடி தண்ணீரில் விடுகிற ஏரி என்பதால், சதையைக் கிழிக்கிற அந்தச் சின்னப் பல் அங்கே கூடாது. போன வருடம் மச்சினன் பார்க்காமல் எதிர்முள் கொண்டுபோய் மாட்டி, ஏரிக்காரரிடம் ஒரு எச்சரிக்கை வாங்கினான். இன்னொன்று வாங்கினால் உறுப்பினர் அட்டை போய்விடும்.

மேசையில் பதினான்கு முள்ளை வரிசையாக வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு இவள், "என்னைக் கட்டிக்கிறப்பகூட நீங்க இவ்ளோ யோசிக்கலீங்க" என்றாள். யோசித்திருக்க வேண்டும் என்றேன். சாப்பாடு ஆறித்தான் வந்தது.

மார்ச் 11, ஞாயிறு

அவனுக்கு மூன்று, எனக்கு ஒன்று. நான்கும் கீழ் உதட்டின் நடுவில், அளந்து வைத்த மாதிரி. "மாமா, கையக் குடுங்க" என்று குலுக்கினான். உச்சி குளிர்ந்துவிட்டது, மறைப்பானேன்.

ஒரே தொல்லை, வீசும்போதே ஈயக்குண்டு கழன்று பறக்கிறது. இன்று மட்டும் நான்கு. குண்டு ஒரு சின்ன கிளிப்பில் தொங்கும், கிளிப்பின் வாயை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். மீன் பாசியில் சிக்கித் தூண்டில் நரம்பு அறுந்துபோனால், ரப்பர் வழுக்கி, குண்டு கழன்று, மீன் தன் பாட்டுக்குப் போய்விடும். அதற்கான ஏற்பாடுதான் அது. மீன் வருவதற்கு முன்பே கழன்றால் எதற்கு ஆகும்?

மார்ச் 15, வியாழன்

சரிசெய்தாயிற்று. ரப்பருக்கு அடியில் ஃபிரேம் ஒட்டுகிற பசை, ஒரே ஒரு சொட்டு. இரண்டு பேர் கிளிப்புக்கும். இனி அசையாது.

மார்ச் 18, ஞாயிறு

ஒரு குண்டுகூடப் பறக்கவில்லை. மச்சினனுக்கு மதியம் பெரிதாக ஒன்று மாட்டிப் பாசிக்குள் புகுந்தது. கால் மணி நேரம் மல்லுக்கட்டினான். நரம்பு அறுந்தது. "ஒத்தச்செதிலா இருக்கும் மாமா, சத்தியமா" என்று வழியெல்லாம் புலம்பல். உடம்பு மொட்டையாக, விலாவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே செதில் உள்ள கெண்டை அது. ஏரியிலேயே மூத்தது.

மார்ச் 21, புதன்

ஏரிக்காரர் போன் செய்தார். ஞாயிறு காலை எல்லாரும் அவருடைய அறைக்கு வர வேண்டுமாம். குரலே சரியில்லை.

மார்ச் 25, ஞாயிறு

எழுத வேண்டும்.

ஏரிக்காரர் மேசையில் ஒரு தாளை விரித்து, அதன் மேல் முள், நரம்பு, குண்டு எல்லாவற்றையும் வைத்திருந்தார். ஒற்றைச்செதில் இரண்டு நாள் பாசிக்குள் குண்டோடு கட்டுண்டு கிடந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை படகில் போனபோது அவர்தான் வாலசைவதைப் பார்த்து அறுத்து விட்டிருக்கிறார். உதடு ஒரு பக்கம் கிழிந்துவிட்டதாம். பிழைக்குமா தெரியாது என்றார். "எதிர்முள் இல்ல. குண்டு மட்டும் கழண்டிருந்தா அதுவே உதறிட்டுப் போயிருக்கும். கழலல. இது யாரோடது?"

ரப்பரின் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு பிசிறு. பசை. நான் வைத்த சொட்டு.

மச்சினன் முன்னால் போனான். "என்னோடதுதாங்க. போன ஞாயிறு அறுந்துச்சு."

"ரப்பர ஏன் இந்த அழுத்து அழுத்துன?"

"தெரியலீங்க. வீசுறதுக்கு முன்னாடி அழுத்தி விட்டேன். என் கைதான் முரட்டுக் கையாச்சே."

"ரெண்டாவது தடவ. அட்டைய வச்சிட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்? ஏன்டா? நாக்கு என்ன அறுந்தா போச்சு?

மார்ச் 27, செவ்வாய்

என்னுடைய கிளிப்புகளிலிருந்து பசையைச் சுரண்டி எடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 1, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு மச்சினன் வந்தான். ஏரிக்குப் போகிற நேரம் அது. சும்மா வந்தேன் என்றான். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான், பிறகு சமையலறைக் கதவைக் கழற்ற ஆரம்பித்தான். "நல்லா இருக்கிற கதவ இவன் எதுக்குங்க கழட்டுறான்?" என்று இவள் என்னைக் கேட்டாள். கீல் கிறீச்சிடுகிறதாம். கிறீச்சிடவே இல்லை.

நானும் ஏரிக்குப் போகவில்லை. முதுகு வலி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 8, ஞாயிறு

இன்று அவனுடைய இரண்டு கழியையும் பெட்டியையும் கொண்டுவந்து கூடத்தில் சாத்தினான்.

"நீங்க வச்சுக்குங்க மாமா. எனக்கு இதுக்கெல்லாம் பொறுமை இல்ல. அந்த மீன் ரெண்டு நாள் கெடந்துருக்கு, என்னால."

உன்னால் இல்லை என்றேன். அவன் ஏதோ ஆறுதல் என்று நினைத்துச் சிரித்தான். பசை, நான்தான், ஒரு சொட்டு, உன்னிடம் சொல்லவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிரிப்பு நிற்க நேரம் பிடித்தது.

"மேசையில வச்சாரே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு வாரமா?"

"ஆமா."

கழிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இவள் சமையலறை வாசலிலேயே நின்றிருந்தாள்.

ஏப்ரல் 9, திங்கள்

கடைக்கு அரை நாள் லீவு. பசைக் குப்பியை எடுத்துக்கொண்டு ஏரிக்காரரிடம் போனேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "கண்ணாடிக்கு ஒட்டுறதக் கொண்டுபோய் மீனுக்கு ஒட்டுனீங்களாக்கும்" என்றார். கத்தியிருந்தால் தேவலை. மச்சினன் அட்டையை இழுப்பறையிலிருந்து எடுத்து, அவனுக்குத் திருப்பி அனுப்ப ஒரு கவருக்குள் போட்டார். என்னுடையதை வாங்கி அதே இழுப்பறையில் போட்டார். செப்டம்பர் கடைசி வரை.

ஏப்ரல் 22, ஞாயிறு

மச்சினன் ஏரிக்குப் போனானாம். இவள் சொன்னாள். முள் அவனே கட்டுகிறானாம்.

ஜூன் 17, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைக்கு இத்தனை மணி நேரம் உண்டு என்று எனக்கு இதுவரை தெரியாது. கடைக்குப் போய்ப் பழைய ஃபிரேம்களைத் தரம் பிரித்தேன். அவன் போன் எடுப்பதில்லை. அக்காவிடம் மட்டும் பேசுகிறான்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

இவள் போனில் ஒரு படம் காட்டினாள். தம்பி அனுப்பியதாம். பிடித்த மீனைக் கிடத்துகிற ஈர மெத்தையில் ஒற்றைச்செதில். உதட்டின் இடது ஓரம் கோணி ஆறியிருக்கிறது. "உங்ககிட்ட காட்டச் சொன்னானா?" என்று அவளே கேட்டுக்கொண்டு, "சொல்லல. ஆனா காட்டாதன்னும் சொல்லல" என்றாள்.

படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். உதட்டில் அவன் கட்டிய முள் இன்னும் இருந்தது, முடிச்சு படுகேவலம். முள் மட்டும் ஆறாம் எண், அகன்ற வாய்.

அழுதேன். எழுதி வைக்கிறேன், இருக்கட்டும்.

அக்டோபர் 6, சனி

சாயங்காலம் மச்சினன் வந்தான். ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான். பெட்டியை மேசையில் வைத்து, "நாளைக்கு ரெண்டு பேருக்கும் கட்டணும்" என்றான், நேற்று விட்ட பேச்சைத் தொடர்கிற மாதிரி. என் அட்டை அதன் மேல் இருந்தது.

கட்டினேன். இழையை உருண்டையோடு வைத்து அளந்தேன். கிளிப்பில் ரப்பரை மாட்டி நீட்டினேன். வாங்கிப் பெட்டியில் வைக்கவில்லை அவன். குண்டைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். கழன்று தரையில் விழுந்தது. அடுத்ததையும் இழுத்தான். அதுவும் விழுந்தது. இனி எப்போதும் இழுத்துப் பார்ப்பான் போல. பார்க்கட்டும்.

நான்காவது விழுந்தபோது இவள் உள்ளேயிருந்து, "டேய், தரை ஒடையப் போகுதுடா" என்றாள்.

"ஒடஞ்சா மாமா இருக்காருல்லக்கா," என்றான் என் முகத்தைப் பார்க்காமல். "ஒரு சொட்டுப் பசை போட்டு ஒட்டிருவாரு."

குனிந்து குண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். ஐந்தாவதைக் கட்ட ஆரம்பித்தேன்.