பின்சுவர் இலந்தை

ஜனவரி 28
பனிமூட்டம். கிடர்பூர் பஸ் ஊர்ந்தது. ஆபீஸில் முதல் ஃபைல்: எங்கள் சர்க்கார் கிடங்கின் பின்சுவரில் விரிசல், ஒட்டி நிற்கும் இலந்தை மரத்தை வெட்டுக. யாரும் நடாமல் தானே முளைத்த மரம். சுவருக்கு வெளியே குடிசை போட்டிருக்கும் மாலதி தீதி (இங்கே அக்காவுக்கு தீதி) அந்தப் பழத்தைப் பொறுக்கி ஸ்கூல் வாசலில் விற்கிறாள். வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் அவள் வீட்டில் இரண்டு வேளைச் சோறு.

ஜனவரி 29
தீதியிடம் போய்ச் சொன்னேன். திங்களன்று வெட்ட வருகிறார்கள், இப்பவே பறிச்சு வித்துடு.
"யாரு வாங்குவா, பாபு? சரஸ்வதி பூஜை முடியாம எந்தப் புள்ளை குல் தின்னும்?"
இலந்தைக்கு இங்கே வங்காளியில் குல் என்று பேர். நம்மூர் மாதிரி நவராத்திரியில் இல்லை, இங்கே அது வசந்த பஞ்சமியன்று; இன்னும் இரண்டு வாரம். வீட்டில் தங்கை கமலாவைக் கேட்டேன். "முன்னாடியே தின்னா பரீட்சையில ஃபெயில்தான், அண்ணா." சயின்ஸில் முதல் மார்க் வாங்குகிறவள். எரிச்சல்.

ஜனவரி 30
நோட் எழுதினேன். நல்ல இங்கிலீஷ். மரம் நிறையக் காய்த்திருக்கிறது, அதை நம்பிப் பிழைப்பவர்கள் உண்டு, பூஜை கழியும்வரை வெட்டாமல் இருக்கலாம். ஹெட் கிளார்க் படித்துச் சிரித்தார். "மெட்ராஸிக்கு மரத்து மேல காதல்." ஆனாலும் மேலே அனுப்பினார். பெருமையாக இருந்தது, தீதியிடமும் சொன்னேன். மாலை லோட்ஷெடிங். ஷேவிங் பிளேடு வாங்க மறந்தேன்.

பிப்ரவரி 4
ஃபைல் திரும்பியது. வெட்ட வேண்டாமாம். கீழே சிவப்பு மை: காய்க்கும் மரம் சர்க்கார் சொத்து, பழத்தை ஏலம் விடுக, வெளியாட்களை அனுமதிக்காதே.
அது காய்க்கும் என்பது இத்தனை வருஷம் எந்த ஃபைலுக்கும் தெரியாது. தெரிவித்தவன் நான். ஏல நோட்டீஸை டைப் அடித்ததும் நானே. ஒரு பிழை இல்லை. முட்டாள்.

பிப்ரவரி 9
ஏலம். வந்தது ஒரே ஆள், பழமண்டிக்காரன். தீதியும் கேட்கலாமே என்றேன்.
ஹெட் கிளார்க்: "டெபாசிட் நீ கட்டுவியா?"
சுவர்மேல் முள்கம்பி போட்டாகிவிட்டது.

பிப்ரவரி 14
நேற்று பூஜை. இன்று மண்டிக்காரன் ஆட்கள் மரத்தை உலுக்கினார்கள். கீழே தினக்கூலிக்குப் பொறுக்கும் பெண்களில் தீதியும். வெளியே போகும்போது பழம் ஒளித்து வைக்கவில்லை என்று கேட்டில் ஒவ்வொருத்தியும் முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். அவளும் உதறினாள். பிறகு என்னிடம் வந்தாள்.
"எழுதிப் போட்டியே பாபு, அதுல எம்பேரு இருந்துச்சா?"
இல்லை என்றேன். எழுதத் தோன்றவே இல்லை.
ஒன்றும் சொல்லவில்லை. என் முன்னாலும் ஒருமுறை முந்தானையை உதறிக் காட்டிவிட்டுப் போனாள்.